செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய ஆங்கிலேய ஷாட்கன் வாங்குவது எப்படி: குழலில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் புதியவர்கள் பலரோடு கூடவே நின்றிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். துப்பாக்கி கைக்கு வந்ததும் கண் நேராகப் பூட்டுத் தகட்டுக்கு, அதாவது சுடும் பொறியை (பூட்டை) மூடியிருக்கும் செதுக்கிய இரும்புத் தகட்டுக்குப் போகிறது. கொடிச் சுருளும் ரோஜாவும் பறக்கும் காட்டுக்கோழியும் மனதைப் பிடித்துக்கொண்ட பிறகு, குழலில் உள்ள பள்ளம் கண்ணில் படுவதே இல்லை. அதனால் வேலைப்பாட்டைக் கிட்டத்தட்ட கடைசியாகப் பார்க்கச் சொல்கிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இது பிரிட்டனில் வசித்துக்கொண்டு, 1860 முதல் 1939 வரை லண்டனிலும் பர்மிங்காமிலும் செய்யப்பட்ட பக்கவாட்டு இரட்டைக்குழல் ஷாட்கன்களை (சிறு ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும் வேட்டைத் துப்பாக்கிகளை) சேகரிக்க நினைப்பவர்களுக்கு எழுதியது. இந்தியச் சட்டம் முற்றிலும் வேறு. இங்கே வாங்கி ஊருக்கு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் முதல் படியிலேயே நின்றுவிடுங்கள்.

1. சட்டத்தை முடித்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள்

"நூறு வருஷத்துக்கு முந்தையதுதானே, லைசென்ஸ் எதற்கு?" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். வயது மட்டும் விலக்குத் தராது. 1885-இல் செய்த துப்பாக்கியாக இருந்தாலும், இன்றும் கடையில் கிடைக்கும் 12 போர் நடுவெடிப்புத் தோட்டா அதில் பொருந்தும் என்றால், 1968 துப்பாக்கிச் சட்டப்படி ஷாட்கன் சான்றிதழ் வேண்டும்.

குழல்முனை வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளும் பின்ஃபயர் வகையும் (தோட்டாவின் பக்கத்தில் நீட்டிய ஊசியை அடித்து வெடிக்கவைப்பது) 2021-இல் வந்த பழம்பொருள் துப்பாக்கி விதிகளின்படி விலக்குப் பெறலாம். அதற்கு அவை 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும், அபூர்வப் பொருளாகவோ அலங்காரமாகவோ மட்டுமே வைத்திருக்க வேண்டும். சுட்டுப் பார்க்கும் எண்ணம் வந்தால் அந்த விலக்கு போய்விடும்.

சான்றிதழை உங்கள் பகுதிக் காவல்துறை 5 ஆண்டுகளுக்குத் தரும். மருத்துவரின் தகவலும் கேட்பார்கள், வீட்டில் பாதுகாப்பு அலமாரி சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். ஏலத்தில் வென்ற பிறகு விண்ணப்பித்தால், வாங்கிய துப்பாக்கி அத்தனை நாளும் வியாபாரியின் கிடங்கில் கிடக்கும், வாடகை உங்கள் தலையில் விழும்.

குழல் நீளத்தையும் கவனியுங்கள். 24 அங்குலத்துக்குக் குறைந்தால் அது ஷாட்கன் சான்றிதழில் வராது, இன்னும் கடுமையான பிரிவுக்குப் போய்விடும். யாரோ ஒருவர் எப்போதோ முனையை வெட்டிய துப்பாக்கிகள் சந்தைக்கு வருவது உண்டு.

2. பையில் எடுத்துப் போக வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறிய எல்ஈடி விளக்கு, மென்மையான பருத்தித் துணி, அளவு நாடா, நோட்டுப் புத்தகம். இவை போதும். குழலின் உள்விட்டத்தையும் சுவர் தடிமனையும் அளக்கும் கருவிகள் ஏலக் கூடத்திலேயே இருக்கும், கேட்டால் அளந்து காட்டுவார்கள்.

ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போகாதீர்கள். நல்ல துப்பாக்கியின் திருகுகளில் வெட்டு தலைமுடிபோல் மெல்லியது. சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு போல் இருப்பதால் வெட்டின் விளிம்பைப் பிய்த்துவிடும். பூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்றால் கூடத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். துப்பாக்கியின் மரக் கட்டையில் விழும் கீறலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

3. முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள்

பார்வை நாட்கள் பொதுவாக எல்லோருக்கும் திறந்திருக்கும். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது துப்பாக்கிகளைக் கையில் எடுத்துவிடலாம். நல்லதையும் கெட்டதையும் கலந்து பாருங்கள். தேயாத வேலைப்பாடு எப்படி இருக்கும் என்பது விரலுக்குப் பழகாமல், மறுபடி செதுக்கியதைக் கண்டுபிடிக்க முடியாது. படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் விஷயம் அல்ல இது.

கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் திறந்து, தோட்டா போடும் இரு அறைகளும் காலியா என்று பாருங்கள். பிறர் திறந்து காட்டியதாக இருந்தாலும் சரி.

4. எண்ணையும் முகவரியையும் படியுங்கள்

துப்பாக்கியை மூன்றாகப் பிரியுங்கள்: குழல்கள், முன்கட்டை, ஆக்‌ஷனோடு கூடிய பின்கட்டை. குழல்கள் வந்து பூட்டிக்கொள்ளும், சுடும் பொறி இருக்கும் இரும்பு உடல்தான் ஆக்‌ஷன். வரிசை எண் பெரும்பாலும் விசைக் காப்பில் (விசையைச் சுற்றி வளைந்த இரும்புப் பட்டையில்) இருக்கும். அதே எண் குழலின் அடிப்பக்கத்திலும் முன்கட்டையின் இரும்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு துப்பாக்கிகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, குழல்களுக்கு இடையே ஓடும் மேல் பட்டையில் பொறித்த முகவரி. வயதைச் சொல்ல இது நல்ல சாட்சி. லண்டனின் பாஸ் நிறுவனம் 1908 வரை செயின்ட் ஜேம்ஸ் தெரு 73-இல் இருந்தது, பிறகு டோவர் தெரு 13, 1930-இல் ஆல்பமார்ல் தெரு 41. பர்டி நிறுவனம் 1880களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டு தெருவை விட்டு சவுத் ஆட்லி தெருவுக்குப் போனது. "1890-இல் செய்த பாஸ்" என்று ஒருவர் சொல்ல, பட்டையில் டோவர் தெரு என்று இருந்தால், அந்தக் குழல்கள் பின்னால் மாற்றப்பட்டவை. அல்லது சொல்பவருக்கு வயது தெரியவில்லை.

காப்புரிமைகளும் இப்படி உதவும். ஆன்சன், டீலி இருவரின் பாக்ஸ்லாக் (பூட்டு இரும்பு உடலுக்குள்ளேயே அடங்கும் வகை) 1875-இல் வந்தது. பர்டி துப்பாக்கிகளில் உள்ள தானே திறக்கும் பீஸ்லி அமைப்பு 1880. அதற்கு முந்தைய ஆண்டைச் சொல்லி அந்த அமைப்போடு ஒரு துப்பாக்கி வந்தால் கேள்வி கேளுங்கள்.

பெயரின் எழுத்துக் கூட்டையும் பாருங்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து, புகழ்பெற்ற ஆங்கிலேயப் பெயர்களைச் சற்றே மாற்றிப் பொறித்த மலிவுத் துப்பாக்கிகள் ஏராளமாக வந்தன. மேலே ஆங்கிலேயப் பெயர், அடியில் நீள்வட்டத்துக்குள் "ஈ எல் ஜி" என்ற முத்திரை இருந்தால் அது லியேஜில் சோதிக்கப்பட்டது. லியேஜில் நல்ல வேலையும் நடந்தது. ஆனால் லண்டன் விலை கொடுக்காதீர்கள்.

5. குழல்களைச் சோதியுங்கள்

ஒரு துப்பாக்கியின் மதிப்பில் பாதிக்கு மேல் குழல்களில்தான் இருக்கிறது. கட்டையை மாற்றலாம், பூட்டைப் பழுது பார்க்கலாம். தேய்ந்துபோன குழல் சுவருக்கு மீண்டும் இரும்பு சேர்க்க முடியாது.

முதலில் ஓசை. குழல்களைத் தனியாகக் கழற்றி, அடிக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மற்றக் கையின் விரல் கணுவால் தட்டுங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவோமே, அதே வேலை. மணி போல் நீண்டு ஒலித்தால் பட்டைகளின் பற்று உறுதியாக இருக்கிறது. மந்தமாகவோ கரகரவென்றோ ஒலித்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் புகுந்து துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

பிறகு ஒளி. குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பாருங்கள். உட்சுவரில் விழும் நிழல் வளையங்கள் ஒரே மையத்தில் வட்டமாக இருக்க வேண்டும். வளையம் ஒரு இடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கல். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் என்றால் துரு அரித்த குழிகள்.

மூன்றாவது சுவர் தடிமன். இதைக் கேட்காமல் விலை பேசவே பேசாதீர்கள். புதிதாகச் செய்தபோது ஏறத்தாழ 0.028 முதல் 0.030 அங்குலம் இருந்திருக்கும். மிக மெல்லிய இடத்தில் 0.020 அங்குலம் என்பதை இந்தத் தொழிலில் பலரும் கீழ் எல்லையாகக் கொள்கிறார்கள். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் குழலைப் பார்த்துப் புதியவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். குழிகளைச் சுரண்டி எடுத்ததால் வந்த பளபளப்பாக அது இருக்கலாம், சுவர் மெலிந்திருக்கும். சில குழிகளோடு தடிமனாக இருப்பதே மேல்.

டமாஸ்கஸ் குழல் (இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த பழைய வகை) என்றால் அந்த முறுக்குக் கோலம் முன்கட்டை மறைக்கும் இடத்திலும் தொடர்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் குழலின் மேல் அமிலத்தால் கோலம் போட்டு விற்றதும் உண்டு. உண்மையான டமாஸ்கஸில் கோலம் இரும்பின் உடம்பிலேயே இருக்கும்.

பின்முனையிலிருந்து சில அங்குலம் தள்ளி, குழலைச் சுற்றி முடி போன்ற ஒரு கோடு தெரிந்தால், பழைய அடிப்பகுதியில் புதுக் குழாய்களைச் செருகியிருக்கிறார்கள். இதை "ஸ்லீவ்" செய்தது என்பார்கள். சுடுவதற்கு அது நல்ல துப்பாக்கியாக இருக்கலாம், சேகரிப்பில் அதன் மதிப்பு மிகவும் குறையும். சிலர் அந்தக் கோட்டை மறைக்க அங்கே ஒரு செதுக்குப் பட்டை ஓட்டிவிடுவார்கள். காரணமில்லாத இடத்தில் அலங்காரம் இருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, முன்கட்டையை மாட்டாமல் குழலை ஆக்‌ஷனில் பூட்டி லேசாக அசையுங்கள். ஆட்டம் இருந்தாலோ, குழலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ இணைப்பு தேய்ந்திருக்கிறது. சரிசெய்யக்கூடியதுதான். அதன் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

6. சோதனை முத்திரைகளை எழுதிக்கொள்ளுங்கள்

பிரிட்டனில் துப்பாக்கிகள் லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் மனையில், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுச் சோதிக்கப்பட்டவை. முத்திரைகள் குழலின் அடித் தட்டையில் இருக்கும். லண்டன் பெயருள்ள துப்பாக்கியில் பர்மிங்காம் முத்திரை இருந்தால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பல லண்டன் கடைகள் பர்மிங்காமில் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்தன.

முத்திரைகள் காலத்தையும் சொல்லும். "நாட் ஃபார் பால்" (தனிக் குண்டுக்கு அல்ல) என்று இருந்தால் 1875 முதல் 1887 வரை. வளைவாள் ஏந்திய கையும் அதன் கீழ் "என்பி"யும் இருந்தால் 1904-க்குப் பிறகு லண்டனில் புகையில்லா (நைட்ரோ) வெடிமருந்துக்குச் சோதித்தது. அந்த நைட்ரோ முத்திரை எதுவும் இல்லாவிட்டால் கருமருந்துக்கு மட்டும் சோதித்த துப்பாக்கி, அதில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது.

பழைய முத்திரைகளில் உள்விட்டம் எண்ணாக இருக்கும்: 13/1 என்றால் 0.719 அங்குலம், 12 என்றால் 0.729, 12/1 என்றால் 0.740. பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளக்கச் சொல்லுங்கள். 12 என்று பொறித்த குழல் 0.740-ஐ எட்டிவிட்டால் அதன் புரூஃப் செல்லாது. அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பது 1868 புரூஃப் சட்டப்படி குற்றம். மறுசோதனைக்கு அனுப்பலாம், ஆனால் மெல்லிய குழல் அந்தச் சோதனையிலேயே கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. சுவரில் மாட்டி ரசிக்கப் போகிற அரிய டமாஸ்கஸ் குழலை அந்த ஆபத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

7. இப்போது வேலைப்பாடு

இதுவரை எல்லாம் தேறியிருந்தால் லென்ஸை எடுங்கள். விளக்கை மேலிருந்து அடிக்காமல், தகட்டோடு ஒட்டியபடி பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டுகளின் நிழல் நீண்டு விழுந்து ஆழம் தெரியும்.

முதலில் தேய்மானத்தின் வரைபடத்தைப் பாருங்கள். துப்பாக்கியைத் தூக்கிச் செல்பவரின் கை ஆக்‌ஷனின் அடியிலும் விசைக் காப்பிலும் திறப்பு நெம்பிலும்தான் படும். அந்த இடங்களில் வேலைப்பாடு மழுங்கி, பூட்டுத் தகட்டின் ஓரங்களிலும் குழிவுகளிலும் கூர்மையாக இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கூர்மை என்றால் இரண்டே காரணம்: அதை யாரும் பயன்படுத்தவே இல்லை, அல்லது மறுபடி செதுக்கியிருக்கிறார்கள். கட்டையின் பிடிப் பகுதியில் சதுரக் கட்டச் செதுக்கு வழுவழுப்பாகத் தேய்ந்திருந்து, இரும்பு மட்டும் புதிதாக இருந்தால் இரண்டாவதுதான். இரும்புக்கும் மரத்துக்கும் வயது ஒன்றுதானே.

நான் வாங்கிய இரண்டாவது துப்பாக்கியில் இதில்தான் ஏமாந்தேன். பர்மிங்காம் பாக்ஸ்லாக், கொடிச் சுருள் கண்ணைப் பறித்தது. வீட்டில் நிதானமாகப் பார்த்தபோது எழுத்துகளின் ஓரத்தில் இரட்டைக் கோடு. பழைய வெட்டின் தடத்தில் உளி சரியாக இறங்காமல் பக்கத்தில் இன்னொரு கீறல் போட்டிருந்தது. விற்றவரைக் குறை சொல்ல முடியவில்லை. "அசல் வேலைப்பாடு" என்று அவர் எங்கும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத்தில் கேளுங்கள்.

மறுசெதுக்கைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் இவை. ஓரக்கோடு சில இடங்களில் தகட்டின் விளிம்பிலேயே மறைந்து போகும், ஏனென்றால் செதுக்கும் முன் தகட்டை மெருகிட்டுத் தேய்த்திருப்பார்கள். திருகுத் தலைகள் தகட்டைவிடச் சற்று எழும்பி நிற்கும். திருகின் மேல் ஓடும் கோடு தகட்டில் உள்ள கோட்டோடு சேராது. நல்ல துப்பாக்கியில் திருகு வெட்டுகள் எல்லாம் குழலின் திசையிலேயே நேராக நிற்கும். ஒன்று சாய்ந்திருந்தாலும் தெரியாத கை பட்டிருக்கிறது என்று பொருள்.

கட்டைக்கும் பூட்டுத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். பூட்டுத் தகட்டை மென்மையாக இருக்கும்போது செதுக்கி, பிறகுதான் எலும்புக் கரியோடு பெட்டியில் வைத்துச் சூடாக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். இரும்பின் மேல் நீலமும் பழுப்புமாக ஓடும் நிறங்கள் அப்படி வந்தவைதான். கடினமான அந்த மேல்தோலில் உளி இறங்காது. மறுபடி செதுக்க வேண்டுமானால் தகட்டைச் சூடாக்கி மென்மையாக்க வேண்டும், அப்போது தகடு வளையக்கூடும். மரத்துக்குள் தாள்கூட நுழையாமல் பொருந்தியிருக்க வேண்டிய தகடு சுற்றிலும் இடைவெளி விட்டு நின்றால், அது நெருப்புக்குப் போய் வந்திருக்கலாம். நிறங்கள் மிகப் பிரகாசமாக, வெளிப்பட்ட இடத்திலும் மங்காமல் இருந்தாலும் அதே சந்தேகம் கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த நிறுவனத்தின் நடை. பர்டியில் சின்ன ரோஜாக்களும் நெருக்கமான நுண்சுருளும், ஹாலண்ட் அண்டு ஹாலண்டின் ராயல் வகையில் பெரிய, ஆழமான இலைச்சுருள், பாஸில் மலர்க்கொத்தும் இறுகிய சுருளும் வழக்கம். வாடிக்கையாளர் வேறு கேட்டிருக்கலாம். ஆனால் வழக்கத்தை மீறிய ஒவ்வொரு வேலைப்பாட்டுக்கும் பதிவேட்டில் சாட்சி இருக்க வேண்டும். இந்தியச் சமஸ்தான மன்னர்கள் லண்டன் நிறுவனங்களிடம் புலியும் யானையும் தங்கப் பதிப்புமாகச் செய்யச் சொல்லி வாங்கியது உண்மை. அந்தக் கதையின் கவர்ச்சியால், சாதாரணத் துப்பாக்கியில் பின்னாளில் தங்கம் பதித்து "மகாராஜாவுடையது" என்று விற்கவும் முடிகிறது. தங்கப் பதிப்பின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். பழைய சுருளை அறுத்துக்கொண்டு தங்கம் உட்கார்ந்திருந்தால் அது பிறகு வந்தது.

செதுக்கியவரின் பெயர் பற்றி ஒன்று. விக்டோரியா காலத்து ஆங்கிலேயச் செதுக்குநர்கள் பெரும்பாலும் கையெழுத்திடவில்லை. பர்டிக்குச் செதுக்கிய ஹாரி கெல், அவரிடம் தொழில் கற்ற கென் ஹண்ட் போன்ற பெயர்களைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். 1890-இல் செய்த துப்பாக்கியில் கென் ஹண்ட் கையெழுத்து இருந்தால், அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சேர்த்த வேலை. அழகாக இருக்கும், விலையும் பெறும். பழைய வேலைப்பாடு என்று மட்டும் அதை எழுதக் கூடாது.

8. கட்டை

பிடியின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா, ஆக்‌ஷனை ஒட்டிய மரம் கறுத்துப் பஞ்சு போல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் பல்லாண்டு எண்ணெய் இறங்கியிருக்கிறது, மரம் வலுவிழந்திருக்கும். நீளம் கூட்டியிருப்பதை ஒட்டுக்கோடு சொல்லும். அது பெரிய குறை அல்ல.

9. பதிவேட்டைக் கேட்டுப் பெறுங்கள்

பர்டி, ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், பாஸ், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், யாருக்காக, எந்த ஆண்டு, எந்தக் குழல் நீளத்தில் செய்தது என்பதைத் தேடித் தருவார்கள். ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். பேரேட்டில் 30 அங்குலம் என்றும் கையில் 28 என்றும் இருந்தால், குழல் வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது மாற்றப்பட்டிருக்கிறது.

ஜோடியாகச் செய்த துப்பாக்கிகளில் 1, 2 என்று தங்கத்தில் எண் பதித்திருப்பார்கள். 2 என்ற எண்ணோடு தனியாக ஒன்று வந்தால், அதன் இணை எங்கே என்று விசாரியுங்கள். பேரேடு ஜோடி என்று சொல்லாத இரண்டைப் பிறகு எண் பதித்துச் சேர்த்து வைப்பதும் நடக்கிறது.

10. விலையைத் தாளில் எழுதிவிட்டு உட்காருங்கள்

சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. அதன் மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், கமிஷன் மேல் வரி, கொண்டுவரும் செலவு. எல்லாவற்றையும் கூட்டி, பழுது பார்க்கும் செலவையும் சேர்த்து, உச்ச வரம்பை முந்தின இரவே எழுதுங்கள். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டால் ஆசைதான் கணக்குப் போடும்.

முதல் வாங்கலுக்குப் புகழ்பெற்ற லண்டன் சைட்லாக் (பூட்டு பக்கத் தகடுகளில் பொருத்தப்பட்ட வகை) வேண்டாம். முழுவதும் சுருள் செதுக்கிய பர்மிங்காம் பாக்ஸ்லாக் ஒன்று, தடிமனான குழலோடு, தொடப்படாத வேலைப்பாட்டோடு கிடைத்தால் எடுங்கள். விலை குறைவு, கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே அதில் இருக்கும்.

நேரில் பார்க்க முடியாவிட்டால் சுவர் தடிமன், உள்விட்டம், முத்திரைகளின் படம், விசைக் காப்பின் நெருக்கப் படம் நான்கையும் கேளுங்கள். இவற்றைத் தராதவரிடம் ஏலம் கேட்காதீர்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

கைமாற்றத்தை 7 நாட்களுக்குள் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். விற்றவர் தெரிவித்தாலும் நீங்களும் தெரிவிக்க வேண்டும்.

அலமாரியில் குழல்முனை கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். மேல்நோக்கி நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்துக்குள் இறங்கும், எட்டாம் படியில் சொன்ன கறுத்த மரம் அப்படித்தான் வருகிறது. பழைய தோல் பெட்டி அழகுதான், ஆனால் தோல் ஈரத்தை இழுக்கும். பெட்டியைத் தனியாக வையுங்கள்.

கையால் தொட்ட இடத்தையெல்லாம் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள், வியர்வை உப்பு ஒரே வாரத்தில் விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். பிறகு அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் ரெனசான்ஸ் மெழுகை மெல்லியதாகத் தடவலாம். செதுக்குக் கோடுகளில் தங்கிய கறுப்பைச் சுரண்டாதீர்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்புதான் வெட்டுக்கு ஆழம் காட்டுகிறது, தேய்த்தால் நிறமும் கூடவே போகும். நூறு வருஷம் தாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அழிந்துபோனதைக் கண்டிருக்கிறேன். அந்த மனிதரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

12. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு

வாங்கிய ரசீது, பேரேட்டுக் கடிதம், அளவுகள், முத்திரைப் படங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த வேலைப்பாட்டுப் படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நகலை வேறு வீட்டில் வையுங்கள். காப்பீட்டுக்கும், திருடு போனால் அடையாளம் காட்டவும் அந்தப் படங்கள்தான் வேண்டும்.

கோப்பின் முதல் பக்கத்தில் குடும்பத்தாருக்கு நான்கு வரி எழுதி வையுங்கள். சான்றிதழ் வைத்திருப்பவர் காலமானால், மனைவியோ பிள்ளைகளோ அந்தத் துப்பாக்கிகளைத் தங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளவோ யாருக்கும் கொடுக்கவோ முடியாது. உடனே காவல்துறைக்குச் சொல்லி அனுமதி பெற வேண்டும், அல்லது பதிவு பெற்ற வியாபாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த வியாபாரியின் பெயரையும் எண்ணையும், அலமாரிச் சாவி விஷயத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். சாவி இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.